அமேசிங் ரேஸ் 10-வது சீசன்: சென்னைக்கு வந்துபோன பந்தயம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2006-இல் ஒளிபரப்பான 'தி அமேசிங் ரேஸ்' பத்தாவது சீசனை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று வீட்டில் யாரும் கணக்கு வைக்காதது நல்லதாயிற்று. அதைப் பற்றி நண்பர்களும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலை, கோலம், டிரைவிங் ஸ்கூல் என்று சென்னைப் பகுதியைத் தேடி வந்தவர்கள் நடுவில் இருக்கும் கேள்விக்குத் தாவிவிடலாம். யார் ஜெயித்தார்கள் என்று இப்போதே தெரிய வேண்டாம் என்பவர்கள் கடைசிப் பக்கம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

முதலில் இது என்ன நிகழ்ச்சி?

இரண்டு இரண்டு பேராக உலகத்தைச் சுற்றும் ஓட்டம். புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி, அப்பா மகள், தோழிகள் என்று ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த ஜோடிகள்தான் வருவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கவரில் குறிப்பு கிடைக்கும். அதைப் படித்து, அடுத்த ஊருக்குப் போய், அங்கே கொடுக்கிற வேலையைச் செய்து முடித்து, தரையில் விரித்திருக்கும் பாயில் கால் வைக்க வேண்டும். பெரும்பாலான கட்டங்களில் கடைசியாகக் கால் வைக்கிற ஜோடி வீட்டுக்குப் போகும். இறுதியில் முதலில் வருபவர்களுக்கு 10 லட்சம் டாலர்.

பெர்ட்ரம் வான் மன்ஸ்டர், எலிஸ் டோகனியேரி என்ற தம்பதியின் யோசனை இது. முதல் எபிசோடு 2001 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். சேனலில் வந்தது. ஆறே நாளில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. விமானம் ஏறவே ஊர் பயந்திருந்த நேரத்தில், விமான நிலையத்துக்கு விமான நிலையம் ஓடுகிற நிகழ்ச்சி ஒன்று பிழைத்துக்கொண்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். பிழைத்ததோடு நிற்கவில்லை, 2003 முதல் 2009 வரை தொடர்ந்து ஏழு வருடம் சிறந்த ரியாலிட்டி போட்டிக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதையும் வாங்கியது.

இத்தனை சீசன் இருக்க, பத்தாவதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டீர்கள்?

சென்னை வந்ததால் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த சீசனில் வந்த மனிதர்கள். கெண்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரும், செயற்கைக் காலோடு ஓடுகிற பெண் ஒருவரும், போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட இரண்டு மாடல்களும், குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் இரண்டு அம்மாக்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். பிற்பாடு வந்த சீசன்களில் ஏற்கெனவே டிவியிலும் இணையத்திலும் பெயர் எடுத்தவர்கள் நிறைய வரத் தொடங்கிவிட்டார்கள். இதில் அப்படி இல்லை.

எந்தெந்த நாடுகளுக்குப் போனார்கள்?

சியாட்டில் நகரத்தின் கேஸ் வொர்க்ஸ் பூங்காவில் கிளம்பி, சீனா, மங்கோலியா, வியட்நாம், இந்தியா, குவைத், மொரீஷியஸ், மடகாஸ்கர், பின்லாந்து, உக்ரைன், மொராக்கோ, ஸ்பெயின், பிரான்ஸ். அப்புறம் மறுபடி அமெரிக்கா. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் கேரிசன் என்ற சின்ன ஊரில் முடிவுக்கோடு.

மொரீஷியஸில் ஒரு சின்ன விஷயம். அந்த நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு. செலவுக்கு அந்தத் தாள் போட்டியாளர்கள் கைக்கும் போயிருக்கும். ஒருவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள், அவர்கள் அவசரம் அவர்களுக்கு.

யார் யார் கலந்துகொண்டார்கள்?

மொத்தம் 12 ஜோடி. மறக்க முடியாதவர்களை மட்டும் சொல்கிறேன்.

டேவிட், மேரி: கெண்டக்கி சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவியும். மேரிக்கு ஒளிவுமறைவு என்பதே கிடையாது. பயம் வந்தால் அழுவார், சந்தோஷம் வந்தால் கத்துவார். ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதால் அடுத்து வந்த 'ஆல் ஸ்டார்ஸ்' சீசனுக்கே இவர்களை மறுபடி கூப்பிட்டார்கள்.

சாரா ரைனர்ட்சன், பீட்டர்: சாராவைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

லின், கார்லின்: அலபாமாவின் பர்மிங்காம் நகரத்துத் தோழிகள். இருவருமே குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவர்கள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி, அதைவிடப் பிடிவாதம் ஜாஸ்தி.

டஸ்டின், காண்டிஸ்: அழகிப் போட்டிகளில் பட்டம் வாங்கிய இரு பெண்கள். 'பொம்மை மாதிரி இருக்கிறார்கள், இரண்டு நாள் தாங்க மாட்டார்கள்' என்று நினைத்தவர்களுக்கெல்லாம் பலமான பதில் கொடுத்தார்கள்.

எர்வின், காட்வின் சோ: சகோதரர்கள். இந்த நிகழ்ச்சிக்கே பொருந்தாத அளவு நல்லவர்கள்.

டூக், லாரன்: அப்பாவும் மகளும். மகள் தன்பாலின ஈர்ப்பாளர் என்று தெரிந்தபின் இருவருக்கும் இடையே விழுந்த விரிசலை இந்த ஓட்டத்தில் சரிசெய்துகொள்ள வந்தார்கள். சீக்கிரமே வெளியேறினார்கள். ஆனால் வெளியேறும்போது பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

ராப், கிம்பர்லி: காதலர்கள். எல்லா டாக்ஸியிலும் சண்டை.

டைலர், ஜேம்ஸ்: முன்பே சொன்ன மாடல்கள்.

இந்திய வம்சாவளியினர் விபுல், ஆர்த்தி தம்பதியும் வந்திருந்தார்கள். பாவம், முதல் கட்டத்திலேயே சீனப் பெருஞ்சுவரில் கயிறு பிடித்து ஏறி முடித்தும் கடைசியாகத்தான் வர முடிந்தது. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தால் சென்னைக்கு வந்திருப்பார்கள். அதே கட்டத்தில் இன்னொரு கொடுமையும் நடந்தது. பிலால், சயீத் என்ற நண்பர்களை பெய்ஜிங்கில் பாதி வழியிலேயே நிறுத்தி, 'உங்களுக்கு ஆட்டம் முடிந்தது' என்று அனுப்பிவிட்டார்கள். அதுவரை எந்த சீசனிலும் அப்படி நடந்ததில்லை. பாய்க்கு வந்தால்தான் ஆபத்து என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

ரோட்பிளாக், டீட்டூர் என்றெல்லாம் சொல்கிறார்களே?

டீட்டூர் என்றால் இரண்டு வேலையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பொதுவாக ஒன்று உடம்பை வருத்தும், சீக்கிரம் முடியும். இன்னொன்று பொறுமையைக் கேட்கும். ரோட்பிளாக் என்றால் இருவரில் ஒருவர் மட்டும் செய்ய வேண்டியது. என்ன வேலை என்று தெரியாமலே, ஒரு மொட்டையான கேள்வியை மட்டும் படித்துவிட்டு 'நீ போறியா, நான் போகட்டுமா' என்று முடிவெடுக்க வேண்டும். பெய்ஜிங்கில் இப்படித்தான் ஒருவர் போய் மாட்டிக்கொண்டார், தட்டில் மீன் கண்கள்.

ஃபாஸ்ட் ஃபார்வேர்டு கிடைத்தால் மற்ற வேலைகளைத் தாண்டி நேரே பாய்க்குப் போகலாம். யீல்ட் என்பது இன்னொரு ஜோடியை மணல் கடிகாரம் காலியாகும்வரை நிற்கவைப்பது. பத்தாவது சீசனில் புதிதாக வந்தது 'இண்டர்செக்‌ஷன்': இரண்டு ஜோடிகள் சேர்ந்து நால்வராகக் கொஞ்ச தூரம் போக வேண்டும். நேற்றுவரை முறைத்துக்கொண்டிருந்தவர்களோடு ஒரே வண்டியில் ஏறுவது எப்படி இருக்கும் என்று கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விமான டிக்கெட் அவர்களே எடுக்கிறார்களா? கேமராக்காரர் எங்கே உட்காருவார்?

இந்தக் கேள்வியில்தான் மொத்தப் பந்தயமும் இருக்கிறது.

இந்த சீசன் ஓடிய காலத்து விதி இது: டிக்கெட்டை அவர்களேதான் கேட்டு வாங்க வேண்டும். எக்கனாமி வகுப்பு மட்டும். டிக்கெட்டுக்கான பணம் நிகழ்ச்சியின் கார்டில் போகும். டாக்ஸி, சாப்பாடு, வழிச்செலவுக்கு ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் கவரில் ரொக்கமாகக் கொடுப்பார்கள், அதற்குள் சமாளிக்க வேண்டும். கைபேசி கூடாது.

கேமராக்காரர் ஒருவரும் ஒலிப்பதிவாளர் ஒருவரும் ஒவ்வொரு ஜோடியோடும் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஆகவே கவுண்டரில் 'இரண்டு சீட்' என்று கேட்டால் போதாது, நான்கு சீட் இருக்க வேண்டும். விமானத்தில் மூன்று சீட் காலி என்றால் அந்த விமானம் கிடையாது. டாக்ஸியிலும் அப்படித்தான், டிரைவரோடு சேர்த்து ஐந்து பேர், மூட்டை முடிச்சு தனி. டிவியில் ஜோடி மட்டும் தெரிகிறபோது நமக்கு இது நினைவுக்கே வருவதில்லை.

இதனால்தான் சொல்கிறேன், இந்த நிகழ்ச்சியின் பெயரில் 'ரேஸ்' என்று இருந்தாலும் இது காத்திருக்கிற போட்டி. கவுண்டரில் காத்திருப்பு. 'கன்ஃபர்ம்' ஆகாத சீட்டுக்காகக் காத்திருப்பு. அர்த்தராத்திரியில் பூட்டிய கேட் முன்னால் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் காத்திருப்பு. முதல் ஜோடி மூச்சிரைக்க ஓடிவந்து ஒரு கதவைத் தட்டும், 'காலை 8 மணிக்குத் திறக்கும்' என்று பலகை தொங்கும். எட்டு மணிக்குள் கடைசி ஜோடியும் சாவகாசமாக வந்து பக்கத்தில் உட்காரும். பகலெல்லாம் ஓடிச் சேர்த்த மூன்று மணி நேரம் அங்கே கரைந்துபோகும்.

அப்படியானால் முன்னால் வருவதில் பிரயோஜனமே இல்லையா?

இருக்கிறது. ஒரு கட்டத்தில் பாயில் கால் வைத்த நேரத்திலிருந்து பொதுவாக 12 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த கட்டத்துக்குக் கிளம்ப முடியும். மாலை 4 மணிக்கு வந்தவர் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவார், 7 மணிக்கு வந்தவர் 7 மணிக்கு. விமானத்தில் சீட் குறைவாக இருந்தால் அந்த மூன்று மணி நேரம் தங்கம். சீட் நிறைய இருந்தால் தகரம். எந்த நாளில் எது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

முதலில் வந்தால் சில கட்டங்களில் சுற்றுலாப் பரிசும் உண்டு.

சரி, சென்னையில் என்னதான் செய்தார்கள்?

ஐந்தாவது கட்டம் அது. வியட்நாமின் ஹா லாங் விரிகுடாவிலிருந்து கிளம்பி மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார்கள்.

இங்கே ரோட்பிளாக் ஒரு டிரைவிங் ஸ்கூலில். ஜோடியில் ஒருவர், பக்கத்தில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, பயிற்சிக் காரைச் சென்னைச் சாலையில் ஓட்ட வேண்டும். அமெரிக்கர்களுக்கு ஸ்டீயரிங் இடதுபக்கம், சாலையில் வலதுபக்கம் போகிற பழக்கம். இங்கே இரண்டும் தலைகீழ். அவர்களில் பலருக்குக் கியர் மாற்றுகிற வண்டியே அந்நியம். அதில் நம்மூர் ஆட்டோ, டூவீலர், நடுரோட்டில் நிதானமாக நிற்கும் பசு. நாற்பது வருடம் ஓட்டிய எங்கள் சித்தப்பா அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ் ஆபீஸ்ல எட்டு போடச் சொல்லியிருக்கணும், அப்பத் தெரிஞ்சிருக்கும்" என்றார். அமெரிக்கர்கள் அவ்வளவு மோசமில்லை என்பதுதான் அவருக்கு வருத்தம்.

டீட்டூரில் ஒரு பக்கம் முதலை, இன்னொரு பக்கம் கோலம். முதலை வேலை, வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையில். பராமரிப்பாளர்களோடு சேர்ந்து ஒரு முதலையைப் பிடித்து, வாயை மூடி, ஒரு அடைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உதவ வேண்டும். கோல வேலையில், வரைந்து வைத்திருக்கும் பெரிய கோலத்தை வண்ண அரிசிமாவால் நிரப்ப வேண்டும். என் அம்மா அதைப் பார்த்ததும் சொன்னது: "புள்ளி வைக்கல, இழை இழுக்கல, கலர் மட்டும் போட்டா அது கோலமா?" நியாயமான கேள்வி. வாசலில் நின்று ஐந்து நிமிஷத்தில் இழை பிசகாமல் சிக்குக்கோலம் போடுகிற ஒருவரைப் பார்த்து அப்படியே போடச் சொல்லியிருந்தால், அந்த ஜோடிகள் பொங்கல்வரை சென்னையிலேயே இருந்திருக்கும்.

கட்டம் முடிந்தது முட்டுக்காட்டில், தட்சிணசித்ராவில் உள்ள செட்டிநாட்டு வீட்டில். தூண் வரிசையும் திண்ணையும் உள்ள வீடு. பின்னணியில் அதை வைத்துக்கொண்டு தொகுப்பாளர் ஃபில் கியோகன் வழக்கம்போல ஒரு புருவத்தைத் தூக்கி நின்றார்.

சென்னையைச் சரியாகக் காட்டினார்களா?

என் அபிப்பிராயம்: போக்குவரத்தைச் சரியாகக் காட்டினார்கள், ஊரைக் காட்டவில்லை. விளம்பர இடைவேளை போக நாற்பது சொச்ச நிமிஷத்தில் எந்த ஊரையும் காட்ட முடியாது, அது தெரிந்ததுதான். ஆனால் இடத் தேர்வில் எனக்குக் குறையில்லை. முதலைப் பண்ணையும் தட்சிணசித்ராவும் வெள்ளைக்காரருக்காக ஜோடித்த இடங்கள் அல்ல.

பண்ணையை 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடன் இருந்தவர்களும் தொடங்கினார்கள். அழிந்துகொண்டிருந்த இந்திய முதலை இனங்களை வளர்த்துப் பெருக்குவதே நோக்கம். பெருகியது கொஞ்சநஞ்சமல்ல, இடம் போதாமல் போகிற அளவுக்கு. அதே வளாகத்தில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு அங்கே எடுக்கப்படுவது. ஒரு இருளர் பெரியவரின் பின்னால் போய், மண்ணில் பாம்பு போன தடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தால் அது எப்பேர்ப்பட்ட போட்டியாக இருந்திருக்கும்! கேமராவுக்கு முதலைதான் வேண்டும் போல, பெரிய வாய்.

அந்த இடங்களுக்கு நாமும் போக முடியுமா?

ஒரே நாளில் முடியும், ஒரே சாலையில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூர் தாண்டிப் போனால் முதலில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்மாநிலங்களின் பழைய வீடுகளை இருந்த இடத்தில் பிரித்தெடுத்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1996-இல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் நீங்களும் உட்காரலாம். அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, அதற்கப்பால் மாமல்லபுரம். இரண்டு இடத்துக்கும் வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பூட்டிய கேட் முன்னால் நிற்பது போட்டியாளர்களோடு போகட்டும்.

முதலையைத் தூக்க விடமாட்டார்கள். என் அண்ணன் மகன் கேட்டுப் பார்த்துவிட்டான்.

சாராவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்கள்.

சாரா ரைனர்ட்சனுக்குச் சிறுவயதிலேயே ஒரு கால் முட்டிக்கு மேல் எடுக்கப்பட்டது. 2005-இல் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியை முடித்தார். செயற்கைக் காலோடு அதை முடித்த முதல் பெண் அவர்தான். நீச்சல், சைக்கிள், முழு மாரத்தான் மூன்றும் சேர்ந்த போட்டி அது. அடுத்த வருடமே இந்த ஓட்டத்துக்கு வந்தார். கூட வந்த பீட்டர் செயற்கை உறுப்புகள் செய்து பொருத்துகிற தொழிலில் இருப்பவர்.

பெருஞ்சுவரில் கயிற்றைப் பிடித்து அவர் ஏறியதைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறு. பீட்டர் நொடிக்கு நொடி 'இப்படிச் செய், அப்படிச் செய்' என்று ஏவிக்கொண்டே இருப்பார், சாராவின் முகம் கட்டத்துக்குக் கட்டம் இறுகிக்கொண்டே போகும். குவைத்தில் அவர்கள் வெளியேறியபோது வருத்தமும் ஒரு நிம்மதியும் சேர்ந்தே வந்தது.

குவைத்தில் ரோபோ ஒட்டகம் ஓட்டியது நிஜமா?

ஒட்டகம் நிஜம், ஜாக்கிதான் ரோபோ. வளைகுடா நாடுகளில் ஒட்டக ஓட்டத்துக்கு எடை குறைவு என்று சின்னப் பையன்களை ஏற்றிவந்தார்கள். அதில் பலர் தெற்காசியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏழைக் குழந்தைகள். 2005-ஐ ஒட்டி அதைத் தடை செய்யத் தொடங்கியபின் ஒட்டகத்தின் முதுகில் ரிமோட்டில் இயங்கும் சின்ன ரோபோ ஏறியது. நிகழ்ச்சியில் அது ஒரு வேடிக்கை மாதிரி கடந்துபோகும். சிரித்துக்கொண்டே பார்த்தவன், விஷயம் தெரிந்தபின் அப்படிப் பார்க்க முடியவில்லை.

'சிக்ஸ் பேக்' என்று ஒரு கூட்டணி இருந்ததாமே?

மூன்று ஜோடி, ஆறு பேர், அதனால் அந்தப் பெயர். டேவிட்-மேரி, லின்-கார்லின், சோ சகோதரர்கள். பலசாலிகளுக்கு எதிராக ஒன்றாக நின்றால் பிழைக்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் பின்தங்கிய கூட்டாளிகளுக்காகத் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுத்து நின்றார்கள் சோ சகோதரர்கள். கோடி ரூபாய்ப் பரிசுக்கு ஓடுகிறவர்கள் வழியில் நின்று 'அவங்க வரட்டும்' என்று சொல்வதை நான் வேறெந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. அமெரிக்க ரசிகர்கள் பலர் அதற்காகத் திட்டினார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அப்பா 'முட்டாள் பசங்க' கட்சி.

கடைசியாக வந்தும் சில ஜோடிகள் வெளியேறவில்லையே, அது எப்படி?

சில கட்டங்களில் வெளியேற்றம் இருக்காது. எது அப்படிப்பட்ட கட்டம் என்று யாருக்கும் முன்பே சொல்லமாட்டார்கள். இதற்கு முந்தைய சில சீசன்களில் அப்படித் தப்பிய ஜோடியிடம் கையில் இருக்கும் பணத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், அவர்கள் வெளிநாட்டுத் தெருவில் கையேந்தி நிற்பார்கள். ஏழை நாட்டுச் சாலையில் அமெரிக்கர் பிச்சை கேட்பதைப் பார்க்கச் சகிக்காது. பத்தாவது சீசனில் அதை எடுத்துவிட்டு வேறு தண்டனை கொண்டுவந்தார்கள்: அடுத்த கட்டத்தில் முதலாவதாக வர வேண்டும், இல்லையென்றால் பாய்க்கு வந்தபின் 30 நிமிஷம் நிற்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டால் அவ்வளவுதான். நல்ல மாற்றம்.

எல்லாம் முன்பே எழுதிவைத்து நடிப்பதா?

வேலைகள் திட்டமிட்டவை. இடம், அனுமதி, பாதுகாப்பு எல்லாம் முன்பே போய் ஏற்பாடு செய்வார்கள். கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதில் தயாரிப்பாளர் கை உண்டு, பிரிந்துபோன ஜோடிகளை மறுபடி ஒன்றுசேர்க்க அது வசதி. ஆனால் டாக்ஸி டிரைவர் வழி தெரியாமல் சுற்றுவதை யாரும் எழுதிவைக்க முடியாது. எடிட்டிங்கில் நடக்கிற சேட்டை தனி. பாய்க்கு இரண்டு ஜோடிகள் மூச்சுமுட்ட ஓடிவருவது போலக் காட்டுவார்கள், உண்மையில் நடுவே ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம். வெயில் அடிக்கிற கோணத்தைக் கவனித்தால் சில நேரம் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அது ஒரு விளையாட்டு.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்?

டைலர், ஜேம்ஸ். 2006 டிசம்பர் 10 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடில், பாரிஸிலிருந்து நியூயார்க் வந்து கேரிசனில் பாயைத் தொட்டார்கள். ராப்-கிம்பர்லி இரண்டாவது, லின்-கார்லின் மூன்றாவது.

உடல்பலத்தால் ஜெயித்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடல்பலம் இன்னும் சிலருக்கும் இருந்தது. இந்த இருவரிடம் இருந்தது தூங்குகிற திறமை. விமான நிலையத்தில் மற்ற ஜோடிகள் கவுண்டருக்குக் கவுண்டர் அலைந்து, ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தபோது இவர்கள் டிக்கெட்டை வாங்கிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் இருந்தார்கள். ஒன்றை விட்டு மீண்டு வந்தவர்களுக்கு ஒரு நாளை ஒரு நாளாகக் கடத்தத் தெரியும் போல. இது என் ஊகம்தான், அவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெண்கள் ஜோடி ஜெயித்ததே இல்லையா?

இந்த சீசன்வரை இல்லை. இறுதிக் கட்டம்வரை வந்த முதல் பெண்கள் ஜோடியே லின்-கார்லின்தான். டஸ்டின், காண்டிஸ் இதில் நான்காவது, அடுத்து வந்த ஆல் ஸ்டார்ஸில் இரண்டாவது. முதல் வெற்றிக்கு 17-வது சீசன்வரை, 2010 டிசம்பர்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெயித்தவர்கள் இரண்டு மருத்துவர்கள்.

இந்தியாவுக்கு வேறு எப்போது வந்தார்கள்? தமிழ்நாட்டுக்கு?

இந்தியாவை விடவே மாட்டார்கள். முதல் சீசனில் டெல்லி, ஆக்ரா, பிகானேர். நான்காவதில் மும்பையும் கேரளமும். ஐந்தாவதில் கொல்கத்தா, ஏழாவதில் லக்னோவும் ஜோத்பூரும். பின்னாளில் வாரணாசி, ஹைதராபாத், ஜெய்ப்பூர் என்று பட்டியல் நீளும். கூட்டம், விலங்கு, வண்ணப்பொடி, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கட்டாயம் இருக்கும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இதே குடும்பத்தைச் சேராத இன்னொரு போட்டியையும் சொல்ல வேண்டும். பி.பி.சி.யின் 'ரேஸ் அக்ராஸ் தி வேர்ல்டு' 2025 சீசன் சீனப் பெருஞ்சுவரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிந்தது. அதிலும் இருவர் இருவராகத்தான். கைபேசியை வாங்கிக்கொண்டு, அளவான பணத்தைக் கொடுத்து, பஸ்ஸிலும் ரயிலிலும் போகச் சொல்வார்கள். பணம் தீர்ந்தால் வழியில் வேலை செய்து சம்பாதிக்கலாம். கரோலின், டாம் என்ற தாயும் மகனும் ஜெயித்தார்கள். பரிசு 20,000 பவுண்டு. வேலைகள், முதலைகள் எதுவும் கிடையாது. பஸ் எப்போது வரும் என்று ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதுதான் நிகழ்ச்சி. காத்திருப்பை ஒளிக்காமல் காட்டுகிற அதை நான் இன்னும் ஒரு படி மேலே வைப்பேன்.

இந்தியர்கள் கலந்துகொள்ள முடியுமா?

அமெரிக்க நிகழ்ச்சி அமெரிக்கர்களுக்கானது. ஆனால் 2006 நவம்பரிலேயே ஏ.எக்ஸ்.என். சேனல் 'அமேசிங் ரேஸ் ஏஷியா' தொடங்கியது, அதில் இந்திய ஜோடிகள் ஓடியிருக்கிறார்கள். முதல் பட்டம் மலேசியாவுக்குப் போனது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

தாராளமாக. மொராக்கோவில் ஒட்டகக் கறி அரைக்கிற இடத்தில் மட்டும் சாப்பாட்டு நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எபிசோடு பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்? சென்னையா?

சென்னை இல்லை. முதல் எபிசோடு. சியாட்டிலில் எல்லோரும் புது ஷூ, புதுப் பையோடு நிற்பார்கள், எல்லோரும் ஜெயிக்கப் போகிறவர்கள். அதைப் பார்த்துவிட்டால் சென்னை எபிசோடுக்குத் தானாக வந்துவிடுவீர்கள். கோலத்தைப் பார்க்கும்போது வீட்டில் அம்மா பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.